அதிகபட்சத் தாமதம்

பத்து ஏழுக்குத் தொடங்கினேன், பன்னிரண்டு ஏழுக்குத்தான் முடியும், நடுவில் யார் வந்து கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேன், இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம்தான். இதை மூன்றாவது தடவையாக எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். யாரும் இன்னும் கேட்கவில்லை, கேட்கப் போகிறார்கள் என்பதற்கே கோபம் வருகிறது. திரையில் மூன்று எண்கள். குறைந்தது இரண்டு, சராசரி ஏழு, அதிகபட்சம் முப்பத்தெட்டு. எல்லாம் மைக்ரோ செகண்டு, ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக வெட்டினால் கிடைக்கும் ஒரு துண்டு. நொடிக்கு ஆயிரம் தடவை இந்தக் கம்ப்யூட்டரை எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தாமதமாக எழுந்தது என்று அதுவே எழுதிக்கொள்கிறது. இது நேற்று மாலை வரைக்கும் எங்கள் நடைப் பயிற்சி மையத்தின் ரிசப்ஷனில் நோயாளிகளுக்கு டோக்கன் போட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர். கேபினெட்டின் நெற்றியில் ஆயுத பூஜைக் குங்குமம் காய்ந்து கறுத்திருக்கிறது, விசைப்பலகையில் ஐந்தாம் எண் அழுந்தாது, ஓங்கிக் குத்த வேண்டும். இதில்தான் நிகழ்நேர ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் ஆவுடையப்பன் சார். பார்க்கச் சொன்னார் என்பதுகூடச் சரியில்லை. "ஓடும்னு ஒரு வரி எழுதிக் குடுத்துரு வடிவு, பன்னெண்டு மணிக்கு பணம் குடுக்குற ட்ரஸ்ட் ஆளுக வந்திருவாங்க" என்றார். ஓடுமா என்று கேட்பதற்கும் ஓடும் என்று எழுதச் சொல்வதற்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் இல்லை அவர், நன்றாகத் தெரியும், அதனால்தான் காபினுக்குள் வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

நாற்பது. இப்போது அதிகபட்சம் நாற்பது. நூறுக்குள் இருந்தால் ஒத்துக்கொள்வேன் என்று நோட்டில் நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன். சும்மா விட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும், வேலை கொடுத்தால்தான் குணம் தெரியும், எனவே ஒரு பக்கம் பெரிய கோப்புகளைக் காப்பி போட்டிருக்கிறேன், ஒரு பக்கம் வீடியோ ஓடுகிறது, நடுநடுவே மவுஸைப் பிடித்து வட்டம் வட்டமாகச் சுழற்றுகிறேன், பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் என்று தோன்றும். சார் எல்லோரிடமும் "ரியல் டைம்னா செம ஸ்பீடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஸ்பீடு இல்லை சார். எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இந்த வேலையை இந்த நேரத்துக்குள் செய்வேன் என்று சொன்னால், வீடியோ ஓடினாலும் பிரிண்டர் கத்தினாலும் செய்துவிட வேண்டும், ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தடவை இல்லை, ஆயிரத்துக்கு ஆயிரம். இங்கே நடைப் பயிற்சிக்கு வருகிற வெயிலுகந்தாள் அக்காவுக்கு ஒரே தடவை சொன்னேன், பிடித்துக்கொண்டாள். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துப்போவதற்கு முன்னால் அவள் மேலப்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். "இது ஒரு பெரிய விசயமா பிள்ள? இருவத்தாறு வருசம் பன்னெண்டரை மணிக்கு நூத்திப்பத்துப் பிள்ளையளுக்குத் தட்டு வச்சிருக்கேன். அடுப்பு நனைஞ்சிருந்தது, அரிசி வரலைன்னு ஒரு நாளாவது சொல்லியிருப்பனா?" என்றாள். அவளுக்குப் புரிந்தது. அமெரிக்காவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்த சாருக்குப் புரியவில்லை. புரியாமல் என்ன, புரிய வேண்டாம் அவருக்கு.

வேண்டாம், நியாயமாக இருக்க வேண்டும், சார் கெட்டவர் இல்லை. இந்த நடைப் பயிற்சி மெஷின் நடக்க முடியாமல் கிடந்த அவருடைய அப்பாவை நினைத்துச் செய்தது. ஓடும் பெல்ட், மேலே இருந்து உடம்பைத் தாங்குகிற பட்டைகள், முழங்காலுக்கு மேலும் கீழும் கட்டுகிற கவசம், அதில் ஒரு மோட்டார். மோட்டார் காலைத் தூக்கி வைக்கும், கால் எதிர்த்தால் உடனே விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுப்பதுதான் உயிர். கவசத்துக்குள் இருக்கிற உணர்கருவி கால் எதிர்க்கிறது என்று சொல்ல, கம்ப்யூட்டர் அதைக் கேட்டு மோட்டாரைத் தளர்த்த வேண்டும், நொடிக்கு ஆயிரம் தடவை. வெளிநாட்டு மெஷினுக்கென்றே தனிக் கம்ப்யூட்டர் வரும், அது கெட்டால் சங்கரன்கோவிலில் யார் சரிசெய்வார், எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் மேசை மேல் இருக்கிற சாதாரணக் கம்ப்யூட்டரில் நம்ம மெஷின் ஓடணும் வடிவு, என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் நான் பழைய வேலையை விட்டு இங்கே வந்தேன். அது நல்ல ஆசை. இன்றைக்கும் நல்ல ஆசைதான். அந்த நல்ல ஆசைதான் ஏப்ரல் மாதம் பதினோராம் தேதி வெயிலுகந்தாள் அக்காவின் முழங்காலைத் திருகியது. அன்றைக்கு நிகழ்நேரமும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லோர் வீட்டிலும் இருக்கிற சாதாரண ஆபரேட்டிங் சிஸ்டம். ஆறாவது நிமிடத்தில் அவள் காலை ஊன்றினாள், மோட்டார் விடவில்லை, தூக்கிக்கொண்டே போனது. அவள் போட்ட சத்தம். அம்மா என்றுகூட இல்லை, வெறும் சத்தம்.

பிறகு அறிக்கை. அதை யார் தட்டச்சு செய்தது? நான். சார் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். 'பயிற்சியின்போது நோயாளி பயந்து காலை இழுத்துக்கொண்டதால் முழங்காலில் சுளுக்கு ஏற்பட்டது.' பயந்து. அந்த வார்த்தையை அடிக்கும்போது என் விரல் தடுமாறவில்லை, இந்த ஐந்தாம் எண் மாதிரி மாட்டிக்கொள்ளவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. மெஷினின் பதிவை அன்று சாயங்காலமே எடுத்துப் பார்த்துவிட்டேன். இருநூற்று முப்பது மில்லி செகண்டு. கிட்டத்தட்டக் கால் நொடி. கம்ப்யூட்டர் ஏதோ அப்டேட்டைத் தேடிப் போய்விட்டது, அந்தக் கால் நொடி அவளுடைய காலை யாரும் கேட்கவில்லை. சாரிடம் காட்டினேன். நெற்றியைத் தேய்த்தார். "சரி, இனிமே ரியல் டைம் போட்டுருவோம். ரிப்போர்ட் போயிருச்சு வடிவு, அதை இப்ப எதுக்குக் கிளறணும்?" என்றார். நான் கிளறவில்லை. நான்கு மாதம். கிளறவில்லை.

பயம் என்று சொல்லிவிட்டால் போதும், பொம்பிளை சொன்ன எதையும் அத்தோடு மூடிவிடலாம். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் பட்டறையில் மூன்றாவது லேத்தைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஓடுகிறது சார் என்றேன், எர்த் சரியில்லை போல என்றேன். பயிற்றுநர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "பயமா இருந்தா டைப்ரைட்டிங் போயிருக்கலாமே" என்றார். முப்பத்தாறு பையன்களும் சிரித்தார்கள். அடுத்த வாரம் லேத்தைத் துடைக்கப் போன அட்டெண்டர் சுவரில் போய் விழுந்தார். அப்புறம் அந்த லேத்தைச் சரிசெய்தார்கள். என்னிடம் யாரும் வந்து நீ சொன்னது சரி என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் எதிர்பார்த்திருக்கிறேன், இல்லாவிட்டால் பதினேழு வருடம் கழித்து அந்தச் சிரிப்பு இவ்வளவு சுத்தமாக எப்படிக் காதில் கேட்கும். அதே நான், அதே விரல்கள், பயந்து என்று அடித்திருக்கின்றன. அதற்கு என்ன சொல்வாய் சங்கரவடிவு? ஐம்பத்திரண்டு. எண் ஏறியிருக்கிறது. மவுஸைச் சுழற்று.

பத்தே முக்காலுக்கு ஆட்டோ வந்து நின்றது. கண்ணாடி வழியாக ஹாலைப் பார்த்தேன். வெயிலுகந்தாள் அக்காதான். வாக்கரை முன்னால் வைத்து, வைத்து, இடது காலை இழுத்து, நல்ல சேலை கட்டி, தலையில் கனகாம்பரம். சீக்கிரமே வரச் சொல்லியிருக்கிறார்கள், ட்ரஸ்ட் ஆட்களுக்கு மெஷினில் ஏறி நடந்து காட்டப் போகிறவள் அவள்தான். அவள் நேரே காபினுக்கு வந்துவிட்டாள், நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. "என்ன பிள்ள, முகமெல்லாம் கடுகடுன்னு இருக்கு?" "ஒண்ணுமில்லக்கா, டெஸ்ட் ஓடுது." "பாஸாவுமா?" "தெரியலைக்கா, பாத்துக்கிட்டு இருக்கேன்." அவள் குனிந்து திரையைப் பார்த்தாள், தேங்காய் எண்ணெயும் கனகாம்பரமும் மணந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "இன்னைக்குப் பயப்பட மாட்டேன் பாத்துக்க. பயத்தைப் போக்க அந்த மனசு டாக்டரம்மாகிட்ட ஆறு வாரம் போனேம்லா. மூச்சை இழுத்து விடச் சொல்லிக் குடுத்திருக்காவ. கால் நடுங்குனா மனசுக்குள்ள பத்து எண்ணணுமாம். அன்னைக்கு நான் கால இழுத்ததுலதான எல்லாம் கெட்டுப் போச்சு, ஒங்க சாருக்கும் பேரு கெட்டுப் போச்சு. இன்னைக்கு இழுக்கவே மாட்டேன்." நான் ஏதாவது சொன்னேனா? இல்லை. மவுஸைச் சுழற்றினேன். இழுக்கவே மாட்டேன் என்கிறாள். மோட்டார் விடாவிட்டாலும் இழுக்க மாட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு பத்து எண்ணுவாள். அதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தைக்காக, என் விரல் அடித்த ஒரு வார்த்தைக்காக, ஆறு வாரம் பஸ் ஏறிப் போய்த் தன்னைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் போய் ஹாலில் உட்கார்ந்தாள்.

பதினொன்று ஐந்துக்கு சார் எட்டிப் பார்த்தார். "எவ்வளவு?" "அம்பத்தேழு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு சார்." "அம்பத்தேழா! சூப்பர், நூறுதான உன் லிமிட்டு? அப்ப முடிஞ்சுதே." "முடியலை சார்." "ஒரு மணி நேரத்துல வராதது அடுத்த ஒரு மணி நேரத்துலயா வந்திரப் போகுது?" வரலாம் சார், அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். ஐம்பத்தேழிலேயே நின்றுவிடேன் என்று அந்தக் குங்குமப் பெட்டியைப் பார்த்துக் கேட்டேன். நின்றுவிட்டால் எல்லோருக்கும் நல்லது. அவள் ஏறுவாள், நடப்பாள், கைதட்டுவார்கள், ஏப்ரலை யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கிளற வேண்டியிருக்காது. அப்படி நினைத்தேன். நினைத்ததை மறைக்க முடியாது.

பதினொன்று இருபத்திரண்டுக்குக் கரண்ட் போனது. யூ.பி.எஸ் கீச்சிட்டது, திரை அணையவில்லை, டெஸ்ட் நிற்கவில்லை, ஏ.சி. மட்டும் நின்றது. ஜெனரேட்டரைப் போட ஆள் ஓடுகிற சத்தம், அது இருமி இருமி அணைகிற சத்தம். ஜன்னல் இல்லாத காபின், ஐந்து நிமிடத்தில் பிளவுஸ் முதுகோடு ஒட்டியது. ஆடி போனாலும் பாளையங்கோட்டை வெயில் எங்கே போகும். பெட்டிக்குள் மின்விசிறி வேகம் பிடித்து ஊளையிட ஆரம்பித்தது, இத்தனை நேரம் கேட்காத சத்தம், நான் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன், எண்ணைப் பார்க்கவில்லை, பார்த்தபோது ஐம்பத்தேழு இல்லை. மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அதே மூவாயிரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசிறி ஒரு தடவை இறங்கி ஏறியது, இருபத்தோராயிரத்து நானூறு. சராசரி? சராசரி ஏழு. அதே ஏழு, ஒரு சுருக்கம்கூட இல்லாத முகத்தோடு ஏழு. எனக்கு என்ன நடந்தது என்று தெரியும். மதர்போர்டு தன்னைச் சூட்டிலிருந்து காப்பாற்றிக்கொள்ள எழுந்து போயிருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அதற்குத் தெரியவே தெரியாமல், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறது. நிகழ்நேரமோ எந்த நேரமோ, மேலே என்ன போட்டாலும் அடியில் இருப்பது இதுதான். சந்தோஷமாகவா இருந்தது? வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு கணம் இருந்தது. லேத்தைத் தொட்ட விரல் சரி என்று யாரோ சொன்ன மாதிரி. அடுத்த கணம் ஹாலில் கனகாம்பரம் தெரிந்தது.

சாரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார், வேர்த்துக்கொண்டிருந்தார். "இருபத்தோரு மில்லி செகண்டு. கண்ணு இமைக்கவே இதைவிட அதிகம் ஆகும் வடிவு." "இன்னைக்கு இருபத்தொண்ணு சார். இன்னும் சூடானா எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கிறதுதான் பிரச்சினை." "கரண்ட் போனதுனால வந்தது. அதைக் கணக்குல எடுக்காத." "எந்த ஊர் ஆஸ்பத்திரியிலயும் ஓடணும்னு நீங்கதான சார் சொன்னீங்க? எந்த ஊர்ல கரண்ட் போகாது?" அந்த இடத்தில் அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது, அது என்னை இன்னும் ஆத்திரப்படுத்தியது, ஏனென்றால் களைத்துப்போன மனிதரிடம் கத்த முடியாது. "ஒரு வாரம் குடுங்க. வேற போர்டு போட்டுப் பாக்குறேன், சில செட்டிங் மாத்திப் பாக்கலாம். இன்னைக்கு மெஷினை மட்டும் காட்டுவோம், ஆள் ஏற வேண்டாம்." "ஆள் ஏறாம காட்டுறதுக்கு அது என்ன கிரைண்டரா? பத்து நிமிஷ டெமோ. சராசரி ஏழுன்னு எழுது, அது பொய் இல்லையே?" பொய் இல்லை. அதுதான் அதிலுள்ள அக்கிரமம். "அப்புறம் அந்தம்மாவும் இப்ப தைரியமாத்தான் இருக்காங்க. போன தடவை மாதிரிப் பயப்பட மாட்டாங்க" என்றார்.

போன தடவை மாதிரி. அவருக்குத் தெரியும், பதிவை அவரிடம்தான் காட்டினேன், இருந்தும் அவர் அதைச் சொன்னபோது முகத்தில் பொய் சொல்கிறவரின் சாயலே இல்லை. நான்கு மாதம் சொல்லிச் சொல்லி அவருக்கே உண்மையாகிவிட்டது. இன்னும் நான்கு மாதம் போனால் எனக்கும் ஆகிவிடும். நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது, எடுக்கவில்லை. "வடிவு" என்றார். ஹாலுக்குப் போய் அவள் முன்னால் நின்றேன், உட்கார்ந்திருக்கிறவள் முன்னால் நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை, தரையில் உட்கார்ந்தேன், மொசைக் சில்லென்று இருந்தது. "அக்கா, இன்னைக்கு நீங்க மெஷின்ல ஏற வேண்டாம். கம்ப்யூட்டர் சரியில்லை." "அதுக்கென்ன, சரியானப்புறம் ஏறுதேன்." "இன்னொண்ணு இருக்குக்கா. ஏப்ரல்ல நீங்க பயப்படலை. நீங்க காலை ஊனினதுக்கப்புறமும் மோட்டார் விடலை. கால் நொடி லேட்டு. கம்ப்யூட்டர்ல பதிவு இருக்கு. அன்னைக்கே பாத்துட்டேன். பயந்தாங்கன்னு ரிப்போர்ட்ல அடிச்சது நான்தான்."

அவள் அழுவாள் என்று நினைத்திருந்தேன், அல்லது என் தலையைத் தடவி விடு பிள்ள என்பாள் என்று. எவ்வளவு மோசமானவள் நான், அந்தத் தடவலுக்கு மனசுக்குள் தலையைச் சாய்த்து வைத்திருந்தேன். அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "அன்னைக்கேவா?" "ஆமாக்கா." "நாலு மாசமா நாளும் என்னைப் பாத்து நல்லாயிருக்கியளான்னு கேட்டியே." நிறுத்தாமல் மேலே சொன்னாள். "எம் மவன் இப்பமும் பொண்டாட்டிகிட்ட சொல்லுதான், அம்மா பயந்தாங்கொள்ளி, நீ கூடப் போன்னு. படிக்கட்டுல ஒத்தையில எறங்குறதை விட்டுட்டேன். ராத்திரி படுத்தா, ஏ சிறுக்கி, ஒன்னால ஒரு காலை சும்மா வச்சிருக்க முடியலியேன்னு என்னையவே ஏசிக்கிட்டுக் கெடப்பேன். அந்த டாக்டரம்மாகிட்ட சின்ன வயசுல எதுக்கெல்லாம் பயந்தேன்னு யோசிச்சு யோசிச்சு ஒண்ணும் கெடைக்காம, பொய்யா ஒரு நாய்க் கதை சொன்னேன் பிள்ள. பொய்யா." கடைசி வார்த்தை ஹால் முழுக்கக் கேட்டது. நூற்றுப்பத்துப் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்த குரல். ரிசப்ஷன் பெண் எழுந்து நின்றாள். சார் காபின் வாசலில் நின்றார். "எழுதிக் குடு" என்றாள். "இப்ப சொன்னதை அப்படியே எழுதி, ஒம் பேரைப் போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடு."

டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன், கால் நொடி என்று எழுதியதைப் பார்த்துவிட்டு "கணக்கா எழுது" என்றாள், இருநூற்று முப்பது மில்லி செகண்டு என்று அடித்து எழுதினேன். தேதி போடச் சொன்னாள். போட்டேன். இரண்டு தடவை படித்தாள், உதடு அசையப் படித்தாள், மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். சார் கிட்டே வந்து, "அக்கா, அதை நாம உக்காந்து பேசலாம், இப்ப வேண்டாமே" என்றார். "பேசலாம். வாரவங்களும் வந்திரட்டும்" என்றாள், அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அவர் என்னைப் பார்த்தார். நாளைக்கு எனக்கு இங்கே வேலை இருக்காது என்று அப்போது தெரிந்தது, தெரிந்தும் பயம் வரவில்லை, கோபம்கூட வரவில்லை, நான்கு மாதத்தில் முதல் தடவையாக என் கோபம் எனக்கு மிகச் சிறியதாகத் தெரிந்தது, எதிரில் இருந்தவளின் கோபத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது.

வாசலில் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம். ட்ரஸ்ட் ஆட்கள் நான்கு பேர் உள்ளே வந்தார்கள், வெயிலிலிருந்து வந்ததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வணக்கம் சொல்ல யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்து. சார் ஓர் அடி எடுத்து வைத்து நின்றுவிட்டார். வெயிலுகந்தாள் அக்கா நாற்காலியின் கைப்பிடியை ஊன்றினாள். நான் எழுந்து அவள் முழங்கையைப் பிடிக்கப் போனேன். "தொடாத" என்றாள். வாக்கர் எட்டாத தூரத்தில் இருந்தது, அதை யாரையும் எடுக்கச் சொல்லவில்லை. வலது காலை முதலில் நகர்த்தினாள். இடது கால் நடுங்கியது, அவள் மூச்சை இழுத்து விடவில்லை, எதையும் எண்ணவில்லை, நடுங்கட்டும் என்று விட்டாள். இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்பியது, திரும்பப் பாதி இறங்கியது, மறுபடி கிளம்பியது. வந்தவர்களில் ஒருவர் கையிலிருந்த பூச்செண்டோடு முன்னால் வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அவள் நிமிர்ந்து முடிக்கும்வரை அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தோம்.